மருத்துவ ஆய்வுத் தரவுகளைத் தானாகத் தேடி இணைக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது?

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஒரு மருந்துக்கும் ஒரு நோய்க்கும் நடுவில் என்ன தொடர்பு என்று பார்க்க ஐந்தாறு தரவுத்தளங்களைத் தனித்தனியாகத் திறக்கிறேன். ஒன்றில் கிடைத்ததை நகலெடுத்து இன்னொன்றில் தேடி, எல்லாவற்றையும் எக்செல்லில் சேர்க்கிறேன். ஒரு கேள்விக்கு இரண்டு நாள் போய்விடுகிறது. இதையெல்லாம் தானே கண்டுபிடித்து இணைத்துத் தரும் மென்பொருள் இருக்கிறதாமே? எப்படி வேலை செய்கிறது? அது தரும் பதிலை நம்பலாமா?"

இருக்கிறது. பல ஆண்டுகளாக என் வேலையே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் என் கருத்து. இந்த மென்பொருள்களில் இணைக்கும் வேலை அவ்வளவு கடினமானதில்லை. இணைக்கத் தக்கபடி ஒவ்வொரு தரவையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து விவரித்து வைத்திருக்க வேண்டும். கடினம் அங்கேதான் இருக்கிறது. அந்த விவரம் இருக்கும் இடத்தில் மென்பொருள் அருமையாக ஓடும். இல்லாத இடத்தில் எவ்வளவு கெட்டிக்கார நிரலும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் தடவும்.

இந்த ஆசை எங்கே தொடங்கியது என்று பார்த்தால் 1986க்குப் போக வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் டான் ஸ்வான்சன் என்ற தகவல் அறிவியல் பேராசிரியர் இருந்தார். படித்தது இயற்பியல், மருத்துவர் இல்லை. ரேனோ நோய் என்று ஒன்று உண்டு. குளிர் பட்டால் விரல் நுனிகளுக்கு ரத்தம் போகாமல் வெளுத்து, நீலம் பாரிக்கும். அந்த நோயாளிகளின் ரத்தம் இயல்பைவிடப் பிசுபிசுப்பாக இருக்கிறது என்று ஒரு வரிசைக் கட்டுரைகள் சொல்லிக்கொண்டிருந்தன. மீன் எண்ணெய் ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது, தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது என்று இன்னொரு வரிசைக் கட்டுரைகள் சொல்லிக்கொண்டிருந்தன. இவர்கள் அவர்களைப் படிக்கவில்லை, அவர்கள் இவர்களைப் படிக்கவில்லை. ஸ்வான்சன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவக்கூடும் என்று எழுதினார். 1989இல் ஒரு சிறிய மருத்துவச் சோதனை, முதன்மை ரேனோ நோயாளிகளிடம் அப்படியொரு பலன் தென்படுவதைக் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் ஒற்றைத் தலைவலியையும் மக்னீசியத்தையும் இதே வழியில் இணைத்திருந்தார்.

புதிதாக ஒரு சோதனைக்குழாயைக்கூட அவர் தொடவில்லை. இரண்டு அலமாரிகளில் கிடந்ததை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். நீங்கள் கேட்கும் மென்பொருள் செய்ய முயல்வதும் அதைத்தான். என்ன, இன்று அலமாரிகள் இரண்டு இல்லை. மூலக்கூறு உயிரியல் தரவுத்தளங்களுக்கென்றே ஆண்டுதோறும் ஜனவரியில் தனி இதழ் போடும் நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச், தன் பட்டியலில் சுமார் 2,000 தளங்களை வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வடிவம், ஒரு எண் முறை, ஒரு பழக்கம்.

எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு மென்பொருளையே எடுத்துக்கொள்கிறேன்: பயோதிங்ஸ் எக்ஸ்ப்ளோரர். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் சுன்லெய் வூ, ஆண்ட்ரூ சூ ஆகியோரின் குழுக்கள் உருவாக்கியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் ஒன்றான என்கேட்ஸ் 2016இல் தொடங்கிய 'டிரான்ஸ்லேட்டர்' என்ற பெரிய திட்டத்தில் இதற்கும் பங்கு உண்டு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது எந்தத் தரவையும் தன்னிடம் சேர்த்து வைப்பதில்லை. நீங்கள் கேள்வி கேட்ட பிறகுதான் வெளியே போய், உரிய தளங்களின் ஏபிஐகளை, அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தரவு கேட்கும் வாசல்களைத் தட்டி, பதிலைக் கொண்டுவந்து கோக்கிறது.

யாரைத் தட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஸ்மார்ட்ஏபிஐ என்று ஒரு பதிவேடு இருக்கிறது. ஏபிஐ நடத்துபவர்கள் தங்கள் சேவையைப் பற்றி ஒரு விவரக் கோப்பு எழுதி அதில் பதிகிறார்கள். அதன் சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "எனக்கு உள்ளே கொடுக்க வேண்டியது ஒரு வேதிப்பொருள், அதை செம்பிள் என்ற வேதிப்பொருள் தரவுத்தளத்தின் எண்ணால் கொடுங்கள். நான் வெளியே தருவது மரபணு; அதை என்சிபிஐ என்ற அமெரிக்க உயிரித் தகவல் மையத்தின் எண்ணால் தருவேன். இரண்டுக்கும் உள்ள உறவு, இந்தப் பொருள் அந்த மரபணுவின் செயலைப் பாதிக்கிறது என்பது. பதிலில் இன்ன இடத்தில் அந்த எண் இருக்கும்." அவ்வளவுதான். இப்படிப் பதிந்த கோப்புகளையெல்லாம் படித்து, எதிலிருந்து எதற்குப் போக எங்கே வழி இருக்கிறது என்று மென்பொருள் ஒரு வரைபடம் போட்டுக்கொள்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் பேருந்துகளின் பெயர்ப்பலகையைப் படித்து, எங்கே ஏறி எங்கே மாறுவது என்று தீர்மானிப்பதைப் போல. நாளைக்குப் புதிதாக ஒரு சேவை இதே விதத்தில் விவரம் எழுதிச் சேர்ந்தால், அதற்கென்று தனி நிரல் எழுதாமலேயே அந்த வழியும் வரைபடத்தில் வந்துவிடும். 'தானாகக் கண்டுபிடிக்கிறது' என்பதன் பொருள் இதுதான்.

ஒரு கேள்வியை ஓடவிட்டுப் பார்ப்போம். இமாட்டினிப் என்ற மருந்து 2001இல் அமெரிக்காவில் ஒருவகை நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதற்கும் ஆஸ்துமாவுக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? கேள்வியை வரைபடமாகக் கொடுக்கிறோம்: ஒரு முனையில் இமாட்டினிப், மறுமுனையில் ஆஸ்துமா, நடுவில் பெயர் தெரியாத ஒரு மரபணு. மென்பொருள் முதலில் இமாட்டினிப்புக்கு எத்தனை முகவரி இருக்கிறது என்று பார்க்கிறது. செம்பிளில் 941. பப்கெமில் 5291. டிரக்பேங்கில் டிபி00619. மூன்று தளங்களில் மூன்று பெயர் வைத்துக்கொண்டு திரியும் ஒரே ஆள் இது என்று தெரிந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். பிறகு வேதிப்பொருளிலிருந்து மரபணுவுக்குப் போகும் ஏபிஐகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. ஆஸ்துமா பக்கத்திலிருந்தும் அப்படியே மரபணுக்களை இழுக்கிறது. இரண்டு குவியலிலும் பொதுவாக இருப்பவை எஞ்சுகின்றன. அதில் ஒன்று 'கிட்' என்ற மரபணு.

இந்தப் பதிலுக்கு உயிரியலில் அர்த்தம் இருக்கிறது. மூச்சுக்குழாயில் ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் உயிர்வாழ கிட் புரதம் தேவை. இமாட்டினிப் அந்தப் புரதத்தையும் தடுக்கிறது. கடுமையான ஆஸ்துமா உள்ள 62 பேரிடம் நடந்த ஒரு சோதனை 2017இல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் மூச்சுக்குழாய், வெற்று மருந்து பெற்றவர்களைவிடத் தூண்டல்களுக்குக் குறைவாகச் சுருங்கியது. அதற்காக இமாட்டினிப் ஆஸ்துமா மருந்தாகிவிடவில்லை. விடை ஏற்கெனவே தெரிந்த கேள்வி என்பதால்தான் மென்பொருளைச் சோதித்துப் பார்க்க இது நல்ல கேள்வி. நீங்களும் முதலில் விடை தெரிந்த ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அது எதைத் தவறவிடுகிறது என்பது உடனே தெரியும்.

இந்தக் 'கிட்' என்ற மூன்றெழுத்தை வைத்தே இந்தத் துறையின் தலைவலி முழுவதையும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் மூன்றும் பெரிய எழுத்தானால் மனித மரபணு. என்சிபிஐ எண் 3815. முதல் எழுத்து மட்டும் பெரிதானால் சுண்டெலியின் மரபணு, எண் 16590. எல்லாமே சிறிய எழுத்தானால் ஆய்வகத்துக்குக் கடையில் வாங்கும் பெட்டி: எலிசா கிட், டிஎன்ஏ பிரிக்கும் கிட். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காத நிரலுக்கு மூன்றும் ஒன்றுதான். கட்டுரைகளைப் படித்துத் தொடர்புகளை உருவும் ஒரு பழைய கருவியின் முடிவுகளை நான் ஒருமுறை வரிவரியாகச் சரிபார்த்தேன். கிட் மரபணுவோடு தொடர்புள்ளது என்று அது காட்டிய வரிகளில் பல, 'இன்ன நிறுவனத்தின் கிட்டைப் பயன்படுத்தினோம்' என்று செய்முறைப் பகுதியில் எழுதியிருந்தவை. எண்ணிக்கை அதிகம் என்பதால் அவைதான் பட்டியலின் உச்சியில் வேறு நின்றன.

எக்செல்லில் சேர்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்; அதனால் இதையும் சொல்ல வேண்டும். செப்ட்2, மார்ச்1 என்ற பெயருள்ள மரபணுக்களை எக்செல்லில் போட்டால் அவை செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதிகளாக மாறிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருக்கிறது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர்சூட்டும் குழு, எக்செல்லோடு மல்லுக்கட்டுவதைவிட மரபணுக்களின் பெயரையே மாற்றுவது மேல் என்று முடிவெடுத்து, அவற்றை செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றியது. ஆனால் பழைய கட்டுரைகளின் பின்னிணைப்புகளில் அந்தத் தேதிகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. பெரும்பாலான மென்பொருள்கள் அவற்றை மரபணு என்று அடையாளம் காண்பதில்லை. எண்களாலேயே வேலை செய்யுங்கள். பெயரைக் கண்ணுக்கு மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலிகைகளுக்கு வந்தால் இந்தப் பெயர்ச் சிக்கல் இன்னும் ஆழம். நம் ஊர்க் கீழாநெல்லியைப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கின் குழு, 1987இல் இந்தச் செடியின் சாற்றை அந்தக் கிருமியிடம் சோதித்து எழுதியபோது ஃபில்லாந்தஸ் நிரூரி என்று குறிப்பிட்டது. அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த சோதனை லான்செட் மருத்துவ இதழில் வெளியானபோது ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று இருந்தது. இரண்டும் தனித்தனி இனங்கள். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியக் கட்டுரைகள் அந்தப் பெயரில் எழுதியது பெரும்பாலும் அமாரஸைத்தான். தரவுத்தளத்தில் இரண்டுக்கும் தனித்தனி எண். அப்படியானால் நிரூரி என்று பெயரிட்ட ஒரு பழைய இந்தியக் கட்டுரையை மென்பொருள் எந்த எண்ணோடு சேர்க்க வேண்டும்? செடி எங்கே பறிக்கப்பட்டது, யார் இனம் பார்த்தார்கள் என்று கட்டுரையைத் திறந்து படிக்கும் ஒருவரால்தான் அதைச் சொல்ல முடியும். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் உருவான இம்பாட் தரவுத்தளம் ஏன் மதிப்பு வாய்ந்தது என்றால், நூல்களையும் கட்டுரைகளையும் தேடித் திரட்டி, செடிகளின் மாற்றுப் பெயர்களை ஒழுங்கு செய்து, ஒவ்வொரு செடியின் வேதிப்பொருளையும் பொது எண்களோடு சேர்த்திருக்கிறார்கள். 2018இல் 1,742 செடிகளோடு வந்தது. இரண்டாம் பதிப்பில் 4,010 செடிகள், 17,967 வேதிப்பொருள்கள்.

அதே கீழாநெல்லிக் கதையில் 'நம்பலாமா' என்ற உங்கள் கேள்விக்கும் விடை இருக்கிறது. அந்த 1988 சோதனையில் மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் பின்னால் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு மென்பொருள் கீழாநெல்லிக்கும் ஹெபடைட்டிஸ் பிக்கும் ஒரு கோடு போட்டு, 'குணப்படுத்துகிறது' என்று எழுதினால் அந்தக் கோட்டுக்கு ஆதாரம் இருக்கிறது, பொய் இல்லை. ஆனாலும் ஒரு நோயாளிக்கு அதைக் காட்டுவது தவறு. பலன் கிடைக்கவில்லை என்ற முடிவுகளை 'பலன் இல்லை' என்ற கோடாகப் பதியும் தளங்கள் மிகக் குறைவு. இருக்கும் தொடர்பு பதிவாகிறது. தேடியும் கிடைக்காத தொடர்பு காணாமல் போகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் உறுத்தும் குறை இது.

ஆகவே கோட்டை மட்டும் பார்க்காமல் கோட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கப் பழகுங்கள். டிரான்ஸ்லேட்டர் திட்டத்தின் மென்பொருள்களில் ஒவ்வொரு தொடர்போடும் அதன் மூலத் தளம் எது, மனிதர் படித்துப் பதிந்ததா அல்லது கருவி கட்டுரையிலிருந்து உருவியதா, உறுதியான கூற்றா, புள்ளிவிவர ஒட்டுறவா, வெறும் கணிப்பா என்ற விவரமெல்லாம் வருகிறது. முதலில் மனிதர் பதிந்தவற்றை மட்டும் வடிகட்டுங்கள். ஐந்து தளங்கள் ஒரே தொடர்பைச் சொன்னால் ஐந்து சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். பல நேரம் ஒரே கட்டுரையை ஐவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியிருப்பார்கள். கட்டுரை எண் ஒன்றா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாத் தரவையும் முன்கூட்டியே ஒரே இடத்தில் கொட்டிச் சேர்ப்பது இன்னொரு வழி. 2017இல் வந்த ஹெட்டியோநெட் அப்படிப்பட்டது: 29 பொதுத் தளங்களிலிருந்து மருந்து, நோய், மரபணு போன்ற 47,031 முனைகள், அவற்றுக்கிடையே 22,50,197 தொடர்புகள். வேகமாகப் பதில் தரும், முழுப்படத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆனால் சேர்த்த நாளோடு அது நின்றுவிடும். அதைவிட அங்கே எதிர்பாராத முட்டுக்கட்டையாக வந்தது உரிமம். இணையத்தில் திறந்து கிடந்த தரவுகளில் பலவற்றுக்கு மற்றவர்கள் மறுபடி வெளியிடலாமா என்று ஒரு வரிகூட எழுதி வைக்கப்படவில்லை. உருவாக்கியவர்கள் அப்படிப்பட்ட தளங்களுக்கு எழுதிக் கேட்க வேண்டி வந்தது. நிரல் எழுதும் நேரத்தை இப்படிக் கடிதம் எழுதுவதில் கழிப்பது எவ்வளவு சோர்வு தரும் என்று எனக்குத் தெரியும்.

இதற்கு முன் முயன்று தோற்றவர்களும் உண்டு. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2004இல் காபிக் என்ற திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் உள்ள புற்றுநோய் மையங்களின் தரவை ஒரே வலையில் கோக்கப் பார்த்தது. 2011இல் அந்த நிறுவனமே அமைத்த ஆய்வுக் குழு, ஆராய்ச்சியாளர்களின் தேவையைவிடத் தொழில்நுட்பமே முன்னால் போய்விட்டது என்று கடுமையாக எழுதியது. அடுத்த ஆண்டு திட்டம் முடிவுக்கு வந்தது. காபிக்குக்கும் முன்பே, 2001இல், மார்க் வில்கின்சன் பயோமோபி என்ற முயற்சியைத் தொடங்கினார். சேவைகள் தங்களைப் பதிந்துகொள்ள ஒரு மையப் பதிவேடு, அதைப் பார்த்துத் தாமே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஏற்பாடு. இன்றைய ஸ்மார்ட்ஏபிஐக்கு அது ஒரு பாட்டன் முறை என்று சொல்லலாம். 2016இல் வெளியான ஃபேர் கொள்கைகளின் கட்டுரையில் முதல் பெயர் அதே வில்கின்சனுடையது. தரவு தேடினால் கிடைக்க வேண்டும், அணுக முடிய வேண்டும், பிறவற்றோடு பொருந்த வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும் என்ற நான்கும் மனிதர் வாசிக்க மட்டுமல்லாமல் கணினி வாசிக்கவும் பொருந்த வேண்டும் என்று அது வலியுறுத்தியது. பதினைந்து ஆண்டு மென்பொருள் எழுதிய ஒருவர் கடைசியில் தரவைத் தருபவர்களைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நோயாளிகளின் தரவைப் பொறுத்தவரை 'தானாக' என்ற பேச்சுக்கே எல்லை உண்டு, இருக்கவும் வேண்டும். 2014இல் வந்த பீக்கன் என்ற முறை நல்ல எடுத்துக்காட்டு. "உங்களிடம் இந்த இடத்தில் இந்த மரபணு மாற்றம் உள்ள யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால், மருத்துவமனையின் சர்வர் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும். இதில் என்ன ஆபத்து என்று தோன்றும். ஆனால் ஒருவருடைய மரபணு விவரம் கையில் இருந்தால், போதிய அளவு கேள்விகளை அடுக்கி அவர் அந்தத் தொகுப்பில் இருக்கிறாரா என்று கண்டுபிடித்துவிடலாம் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். தொகுப்பு ஒரு குறிப்பிட்ட நோய்க்குரியது என்றால், அவருக்கு அந்த நோய் இருப்பதும் வெளியாகிவிடும். அதன் பிறகு அனுமதிப் படிகளும் கேள்வி வரம்புகளும் தேவை என்ற எண்ணம் வலுத்தது. நோயாளித் தரவை ஏதாவது ஒரு கருவியோடு இணைக்கச் சொல்லி உங்களிடம் யாராவது கேட்டால், நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதி கையில் வராமல் தொடாதீர்கள்.

நாளைக் காலை என்ன செய்வது? பயோதிங்ஸ் எக்ஸ்ப்ளோரர் கட்டணமில்லாதது, மூல நிரலும் திறந்திருக்கிறது. உங்கள் மருந்தையும் நோயையும் முதலில் பொது எண்களாக மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு முனை மட்டும் வைத்துக் கேளுங்கள். இரண்டு முனை வைத்தால் பதில்கள் மழைக்குப் பின் ஈசல்போல் மொய்க்கும். பொறுக்கி எடுக்கவே வாரம் போய்விடும். கிடைத்ததில் முதல் பத்துத் தொடர்புகளின் கட்டுரைகளைத் திறந்து, அந்த வாக்கியத்தை உங்கள் கண்ணால் படியுங்கள். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடம் கேட்டு எண்களைப் பெற வேண்டாம். பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும், ஆனால் வேறு மூலக்கூறின் எண்ணாக இருந்து கழுத்தை அறுக்கும். ஒவ்வொரு எண்ணையும் உரிய தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். ஓரிரு ஆண்டில் நீங்களும் ஒரு கட்டுரை எழுதி, அதோடு ஓர் அட்டவணையைப் பின்னிணைப்பாகக் கொடுப்பீர்கள். அதை எக்செல் கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ வைக்காமல் சாதாரண உரைக் கோப்பாக வையுங்கள். 'மரபணு' என்று தலைப்பிட்ட பத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்து, என்சிபிஐ எண்ணை எழுதுங்கள். மனிதனா சுண்டெலியா என்று உயிரின எண்ணைக் குறியுங்கள். மனிதனுக்கு 9606, சுண்டெலிக்கு 10090. எந்த உரிமத்தில் தருகிறீர்கள் என்று ஒரு வரி. எந்தெந்த மரபணுக்களைத் தேடியும் மாற்றம் தென்படவில்லையோ அவற்றையும் வெட்டாமல் அதே அட்டவணையில் விட்டுவிடுங்கள். மொத்தம் அரை நாள் வேலை. முதல் முறை சந்தேகம் வந்தால் அட்டவணையை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்த்துவிடலாம்.